மாலை ஆறரை மணி வாடிக்கையாளர்

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் இரவுச் சாப்பாடும் நமது மளிகைக் கடையும்



மாலை ஆறரை மணி. பெரியபாளையம் சாலையோரம் கம்பெனிப் பேருந்து வந்து நிற்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பகல் ஷிப்டு முடித்தவர்கள் இறங்குகிறார்கள். தோளில் பை, கையில் காலி டிபன் டப்பா, முகத்தில் களைப்பு. அவர்களில் பாதிப் பேர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. நம் கடை வாசலுக்குத்தான் வருகிறார்கள். "அண்ணாச்சி, மாவு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லம்மா, தீர்ந்துபோச்சு" என்று நாம் சொல்லிவிட்டால் அந்தச் சகோதரி ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். கடையில் தொங்கும் பொட்டலங்களை மேலும் கீழும் பார்ப்பார். கடைசியில் இரண்டு நூடுல்ஸ் பாக்கெட்டும் அரை டஜன் முட்டையும் வாங்கிக்கொண்டு நடப்பார். அல்லது ஒன்றும் வாங்காமல் பக்கத்துப் பரோட்டாக் கடைக்குப் போய்விடுவார்.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாடு முடிவாகிறது. நம் கடையின் மாலை வியாபாரமும் அதே நிமிடத்தில்தான் முடிவாகிறது.

மூன்று வேளையில் மீதமிருப்பது ஒரு வேளை

சற்று யோசித்துப் பார்ப்போம். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் மதியச் சாப்பாட்டைப் பற்றி அரசு அன்றே கவலைப்பட்டது. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். காலையில் ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நம் கடைக்கு வருபவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் இரவு? பெருநகரங்களில் 2013-இல் வந்த அம்மா உணவகத்தில் மூன்று ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தி கொடுத்தார்கள். நம்மைப் போன்ற ஊர்களில் இரவு அடுப்பு வீட்டில்தான் எரிய வேண்டும். அதை எரிப்பவர் பத்து மணி நேரம் வெளியில் இருந்துவிட்டு வந்தவர். அந்த அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பது நம் கடை மட்டுமே.

முன்பு இந்தச் சிரமம் இவ்வளவு இல்லை. மாமியாரோ, அம்மாவோ வீட்டில் இருந்தார்கள். காலையில் வைத்த குழம்பு இரவுக்கும் இருந்தது. சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டு, பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் 2008-இல் ஸ்ரீசிட்டி வந்தது. ஆரணி, கவரைப்பேட்டை, புதுவாயல், ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வீட்டுக்கு இரண்டு சம்பளம் வந்தது. நல்லதுதான். ஆனால் வீட்டில் இருந்த நேரம் போய்விட்டது. நம் வாடிக்கையாளருக்கு இன்று பணத்தைவிடப் பஞ்சமாக இருப்பது நேரம்.

சிரமம் அடுப்பில் இல்லை

"இரண்டு தோசை ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நாம் கேட்கலாம். சிரமம் தோசை ஊற்றுவதில் இல்லை. அரிசியும் உளுந்தும் நான்கு மணி நேரம் ஊற வேண்டும். கிரைண்டரில் முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் புளிக்க வேண்டும். ஆகவே செவ்வாய் இரவு தோசை வேண்டுமானால் திங்கள் மாலையே அதற்கான வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். திங்கள் மாலை அந்தச் சகோதரி ஓவர்டைமில் இருந்தார்.

நம் பகுதியில் கிரைண்டர் இல்லாத வீடு குறைவு. 1955-இல் கோவையில் சபாபதி என்பவர் மாவரைக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். 2011 செப்டம்பரில் தமிழக அரசே விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அந்தக் கிரைண்டர்களில் பல இன்று பரண்மேல் துணி மூடி இருக்கின்றன. இட்லிக்கு உதவும் புழுங்கலரிசி ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கிறது. அப்படியிருந்தும் மக்கள் மாவை விலைக்கு வாங்குகிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அது சரியல்ல. இயந்திரம் இருக்கிறது, அரிசி இருக்கிறது, முந்தின நாளே திட்டமிடும் ஓய்வு மட்டும் இல்லை.

அதைவிடப் பெரிய பாரம் ஒன்று உண்டு. "இன்றைக்கு என்ன செய்வது?" என்ற கேள்வி. பேருந்தில் வரும்போதே அந்தக் கேள்வி தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்குப் பிடிக்க வேண்டும், கணவருக்குச் சர்க்கரை, மாமனாருக்குப் பல் இல்லை, வீட்டில் தக்காளி இருக்கிறதா என்று நினைவில்லை. சமையலுக்கு முன்பே மனம் களைத்துவிடுகிறது. இந்தக் கேள்விக்குப் பதிலை யார் தயாராக வைத்திருக்கிறார்களோ அவர்களிடம்தான் வியாபாரம் போகும். சென்னை நகருக்குள் செல்போனில் சொன்னால் சில நிமிடங்களில் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர்கள் நம் ஊருக்கு வருவதற்கு முன் நாம் தயாராக வேண்டாமா?

கல்லாவில் நின்று கவனித்தவர்கள்

இந்தத் தேவையைக் கவனித்தவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள்.

பெங்களூரில் 1924 முதல் சிற்றுண்டி விடுதி நடத்திவந்தது எம்.டி.ஆர். நிறுவனம். 1975-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு அரசு விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தரத்தைக் குறைக்க மனமில்லாமல், நட்டமும் தாங்காமல், விடுதியை மூட வேண்டியதாயிற்று. வேலையாட்களைக் கைவிடாமல் இருக்க அவர்கள் பொடிகளையும் உடனடி மாவு வகைகளையும் பாக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். மூடிய விடுதியிலிருந்து ஒரு பெரிய தொழில் பிறந்தது.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 2005-இல் அதே பெங்களூரில் முஸ்தபா என்பவரும் அவருடைய சகோதர முறை உறவினர்களும் 'ஐடி பிரெஷ்' என்ற பெயரில் இட்லி மாவு வியாபாரம் தொடங்கினார்கள். அந்த உறவினர்கள் மளிகைக் கடைக்காரர்கள். ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் பையில் வரும் மாவைப் பற்றி வாடிக்கையாளர்கள் குறை சொல்வதை அவர்கள் கல்லாவில் நின்று கேட்டார்கள். ஒரு சிறு அறையில் ஆரம்பித்த தொழில் இன்று வெளிநாடு வரை போயிருக்கிறது.

நாம் எல்லோரும் அப்படிப் பெரிய முதலாளி ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்தக் குறையை அன்று நாட்டில் எத்தனையோ மளிகைக் கடைக்காரர்கள் கேட்டிருப்பார்கள். காதில் வாங்கியவர்கள் சிலரே.

எங்கள் கடையில் நடந்தது

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஓர் ஆடி மாதம். பவானி அம்மன் கோயில் கூட்டம் எப்படியிருக்கும் என்று நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனி இரவே ஜனங்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அந்த வாரம் மாவு நன்றாக ஓடும் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அரைத்துவைத்தோம். ஞாயிறு மாலைக்குள் முக்கால் பங்குதான் போயிற்று. அன்று மின்சாரமும் பலமுறை நின்றது. திங்கள் மாலை பார்த்தபோது மாவு பொங்கி வாடை வீசியது. கொட்ட மனம் வரவில்லை. கொஞ்சம் புது மாவு கலந்து, சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டு, விற்றுவிட்டோம்.

இரவு எட்டரை மணிக்கு ஒரு சகோதரி திரும்பி வந்தார். ஒரு கையில் மாவுப் பாத்திரம். இடுப்பில் நான்கு வயதுக் குழந்தை. "அண்ணாச்சி, வாயில வைக்க முடியல. குழந்தை இன்னும் சாப்பிடல" என்றார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "வெயில் காலம்மா, உங்க வீட்டுக்குப் போய்ப் புளிச்சிருக்கும்" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கேட்டிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்போம். அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கடைக்கும் வரவில்லை.

மிச்சமாக்கிய மாவின் மதிப்பு நூறு ரூபாய்கூட இருக்காது. போனது ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் கணக்கு. அதைவிட, அந்தக் குழந்தை அன்று என்ன சாப்பிட்டதோ என்ற எண்ணம் கல்லாவில் உட்காரும்போதெல்லாம் வந்தது. மாவு விற்கும் முறையை நாங்கள் மாற்றிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

மாவு வியாபாரத்தின் கணக்கு

மாவு விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு கணக்கு. விலை நாளுக்கு நாள் மாறும். ஆகவே இதை எடுத்துக்காட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செங்குன்றம் மண்டியிலிருந்து வந்த இட்லி அரிசி கிலோ 40 ரூபாய் என்றும், உளுந்து 130 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு கிலோ அரிசி 160 ரூபாய். ஒரு கிலோ உளுந்து 130 ரூபாய். மொத்தம் 290. இதில் ஏறத்தாழ 12 கிலோ மாவு கிடைக்கும். மின்சாரம், உப்பு, உறை இவற்றுக்கு 60 ரூபாய் சேர்த்தால் செலவு 350. கிலோ 50 ரூபாய்க்கு 12 கிலோவும் விற்றால் 600 ரூபாய் வரும். நிற்பது 250 ரூபாய். இதில் நம் உழைப்புக் கூலியும் அடக்கம்.

மூன்று கிலோ மீந்துவிட்டால் 150 ரூபாய் போயிற்று. நிற்பது 100 ரூபாய்தான். ஐந்து கிலோ மீந்தால் இலாபம் முழுவதும் போய்விடும். இந்த வியாபாரத்தில் இலாபத்தைத் தின்பது மீந்த மாவு. ஆகவே அதிகம் அரைப்பதில் சாமர்த்தியம் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்பே தெரிந்து அரைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய வேறு சில:

புளித்த மாவு பொங்கி இரண்டு மடங்காகும். கரண்டி அளவில் ஊற்றிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு எடை குறையும். முத்திரையிட்ட தராசில் நிறுத்தே கொடுக்க வேண்டும்.

புளித்தது வேறு, கெட்டது வேறு. புளித்த மாவில் ஊத்தப்பம் வார்க்கலாம். அதைப் 'புளித்த மாவு' என்று சொல்லி, குறைந்த விலைக்குக் கொடுப்பதில் குற்றமில்லை. மேலே நிறம் மாறியிருந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டும். சோடா போட்டு மறைக்கக் கூடாது.

மாவைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் கையும்தான். குடிக்கும் தண்ணீரிலேயே அரைக்க வேண்டும். அரைத்த பாத்திரத்தை அன்றன்றே வெந்நீரில் கழுவ வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஆறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரமும் போதாது. அரைக்கும் நேரத்தைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மாவரைத்து விற்பவர்கள் சிறு வணிகராக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். உறையில் அடைத்து விற்றால் பெயர், முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த நாள் இருக்க வேண்டும். 2019 சனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. தூக்குப் பாத்திரம் கொண்டுவருபவருக்கு ஓரிரு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் நமக்கு உறைச் செலவு மிச்சம், ஊருக்கும் நல்லது.

வரி விஷயத்தில், 2017 சூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இட்லி தோசை மாவுக்கு 18 சதவீதம் போட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் 12 ஆகி, நவம்பரில் 5 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் சப்பாத்தி, பரோட்டாவுக்கு வரி முழுவதும் நீங்கியது. மாவுக்கு மட்டும் அந்தச் சலுகை வரவில்லை. தென்னாட்டு இரவுச் சாப்பாடு என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றுகிறது. வணிகர் அமைப்புகள் இதைத் தொடர்ந்து வலியுறுத்த வேண்டும்.

'ராத்திரி சாமான்' பொட்டலம்

மாவு மட்டுமே பதில் அல்ல. தினமும் தோசை என்றால் யாருக்கும் சலித்துவிடும். அரை மணி நேரத்துக்குள் முடியும் இரவுச் சாப்பாடு எத்தனையோ உண்டு. அதற்கான சாமான்களை ஒன்றாகக் கட்டி, நான்கு பேருக்கு, இரண்டு பேருக்கு என்று தயாராக வைத்தால் என்ன?

எடுத்துக்காட்டாகப் பாசிப்பருப்புக் கிச்சடி. நான்கு பேருக்குப் பச்சரிசி கால் கிலோ, பாசிப்பருப்பு நூறு கிராம், கொஞ்சம் மிளகு, சீரகம், மஞ்சள்தூள், ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி, ஒரு கேரட், ஒரு பிடி பீன்ஸ், இஞ்சித் துண்டு, கறிவேப்பிலை. அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் தண்ணீர் நான்கு பங்கு. எல்லாவற்றையும் வதக்கிக் குக்கரில் போட்டு நான்கு விசில் விட்டால் போதும். குக்கர் அடங்குவதற்குள் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிடலாம். பல் இல்லாத தாத்தாவும் சாப்பிடலாம், நான்கு வயதுக் குழந்தையும் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ள ஊறுகாயும் அப்பளமும் நம் கடையிலேயே இருக்கின்றன.

உப்புமாவுக்கு ரவையை நாமே வறுத்து ஆறவைத்து அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டலாம். வீட்டில் பத்து நிமிடம் மிச்சம். சட்னிக்குப் பொட்டுக்கடலையும் காய்ந்த மிளகாயும் அளவாகச் சேர்த்துக் கட்டலாம். சின்ன வெங்காயம் உரிக்கும் வேலைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் யாராவது இருப்பார்கள். காலையில் உரித்து மாலையில் விற்றுவிட வேண்டும். மறுநாளைக்கு வைக்கக் கூடாது. தேங்காய்த் துருவலும் அப்படித்தான்.

கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கட்டும். அதில் வாரத்துக்கு ஒரு பட்டியல்:

திங்கள் – இட்லி, பொட்டுக்கடலைச் சட்னி.
செவ்வாய் – பாசிப்பருப்புக் கிச்சடி, அப்பளம்.
புதன் – சப்பாத்தி, முட்டைக் குழம்பு.
வியாழன் – தக்காளி சாதம், தயிர்ப் பச்சடி.
வெள்ளி – ரவை உப்புமா, வாழைப்பழம்.
சனி – தோசை, கொண்டைக்கடலைக் குழம்பு.

வெள்ளி மாலை வருபவரிடம், "நாளைக்குக் கொண்டைக்கடலை, காலையில ஊறப் போட்டுட்டு போங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கால் கிலோ நிறுத்துக் கொடுக்கலாம். எட்டு மணி நேரம் அது தானாக ஊறும். "இன்றைக்கு என்ன செய்வது?" என்ற கேள்விக்குப் பதில் நம் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். பிடித்தால் அதைச் செய்வார், இல்லாவிட்டால் வேறு யோசிப்பார். யோசிக்க ஓர் இடம் கிடைத்ததல்லவா?

செல்போன் இல்லாத கை இன்று இல்லை. பகல் இடைவேளையில் வாட்ஸ்அப்பில் "ஒரு கிலோ மாவு, அரை லிட்டர் பால், ஒரு கட்டுக் கீரை" என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்வோம். மாலை நான்கு மணி வரை வந்தவற்றை எழுதி, மஞ்சப்பையில் பெயர் எழுதிய சீட்டு வைத்துத் தயாராக வைத்தால், ஆறரை மணிக்கு வருபவர் வரிசையில் நிற்க வேண்டாம். எவ்வளவு மாவு அரைக்க வேண்டும் என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மேலே சொன்ன மீந்த மாவுக் கணக்குக்கு இதுதான் மருந்து. மாதச் சம்பளக்காரருக்கு ஏழாம் தேதிவரை பொறுத்துக்கொள்ளும் பழைய நோட்டு வழக்கமும் நம்மிடம் உண்டு. செல்போனில் சாமான் விற்கும் எந்த நிறுவனத்திடமும் இந்த நோட்டு இல்லை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மாலை வேளையில் இப்போது ஆண்களும் பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மனைவிக்கு ஷிப்டு என்றால் கணவர் சமைக்கிறார். அவரிடம், "வீட்டம்மா இல்லையா?" என்று கிண்டலாகக் கேட்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். கிச்சடிப் பொட்டலத்தைக் கொடுத்து அளவைச் சொல்லிக் கொடுத்தால் மறுவாரமும் நம்மிடமே வருவார்.

விற்கலாம், ஆனால் தினமும் தள்ளிவிட வேண்டாம்

நூடுல்ஸ், சிப்ஸ், உடனடி சூப் இவற்றில் நமக்குக் கமிஷன் உண்டு. கேட்பவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் மாவு இல்லை என்று சொல்லும் அதே வாயால், "நூடுல்ஸ் எடுத்துக்குங்க" என்று தினமும் சொன்னால் அந்தப் பிள்ளைகள் வாரம் ஐந்து நாள் உப்பும் மைதாவும்தான் சாப்பிடும். "அவல் இருக்கும்மா, நனைச்சுத் தாளிச்சா பத்து நிமிஷம்" என்று சொல்ல நமக்குத் தெரிய வேண்டும். அவலிலும் இலாபம் உண்டு. வாரம் ஒருநாள் பரோட்டா வாங்கிச் சாப்பிடும் குடும்பத்தைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். களைத்தவர்களுக்கு அதுவும் ஓர் ஓய்வுதான்.

நம் வீட்டு இரவுச் சாப்பாடு

இவ்வளவும் ஊராருக்குச் சொன்னோம். நம் வீட்டில் என்ன நடக்கிறது?

நம்மில் பெரும்பாலோர் கடையைச் சாத்தும்போது மணி பத்து. மனைவியும் ஒன்பது மணிவரை கல்லாவில் நிற்கிறார். வேலைக்குப் போகும் தாய் என்று நாம் பேசும்போது அவரை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பிள்ளைகள் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கிப்போகிறார்கள். பத்தரை மணிக்கு எழுப்பிச் சாதம் ஊட்டினால் பாதித் தூக்கத்தில் விழுங்குகிறார்கள். கடை நிறையப் பருப்பு இருக்கிறது, கடைக்காரர் பிள்ளை பசியோடு தூங்குகிறது. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். நம் சட்டியில் இருக்கிறது, அள்ளிப் போட ஆளில்லை.

எங்கள் வீட்டில் சிறு ஏற்பாடு ஒன்று செய்தோம். எட்டு மணி முதல் எட்டரை வரை ஒருவர் கல்லா, ஒருவர் பிள்ளைகளோடு சாப்பாடு. ஒருநாள் அவர், ஒருநாள் நாம். வாசல் பலகையில் எழுதியதையே வீட்டிலும் செய்வது என்று முடிவு. இதனால் யாருக்குச் சமையல் முறையோ அவர் பலகையை ஒழுங்காக எழுதுகிறார். கிச்சடிக்கு இஞ்சி கூடிவிட்டது, குழந்தைகளுக்குக் காரம் என்பதெல்லாம் நம் வீட்டிலேயே தெரிந்துவிடுவதால் பொட்டலத்தின் அளவும் திருந்துகிறது. அந்த அரை மணியில் இரண்டு வாடிக்கையாளர் சற்றுக் காத்திருக்க நேரும். "சாப்பிடப் போயிருக்காங்க, இதோ வந்துடுவாங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பசி எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதில் பெரிய முதலீடு எதுவும் இல்லை. ஒரு சிலேட்டுப் பலகை, ஒரு சுண்ணாம்புக்கட்டி, நாள் எழுதும் பழக்கம், மீந்ததைக் கொட்டும் துணிவு, இவ்வளவுதான். வருகிற மாதம் ஒரு மாதத்துக்கு மட்டும் உறுப்பினர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டுகிறோம். எந்தப் பொட்டலம் ஓடியது, எது தேங்கியது, மாவு எவ்வளவு மீந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவோம். ஒருவருடைய நட்டம் இன்னொருவருக்குப் பாடமாகட்டும்.

மாவுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போன அந்தச் சகோதரியைச் சென்ற தை மாதம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தோம். குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. அருகில் போய், "அன்னைக்கு நாங்க செஞ்சது தப்புதாம்மா" என்று சொன்னோம். சிரித்தார். "அதை நான் மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றார். மறந்திருக்க மாட்டார் என்று நமக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை கடைக்கு வந்தார். பலகையைப் படித்தார். உறையில் எழுதியிருந்த நாளைப் பார்த்தார். பிறகு ஒரு கிலோ மாவு வாங்கிக்கொண்டு போனார்.

ஆறரை மணிக்குப் பேருந்து வரும். வணிகப் பெருமக்களே, தயாராக இருப்போம்.